மங்கிய ஒளியில் தொட்டி மீன்களைப் படமெடுத்தல்

ஒளிப்படம் என்னும் சொல்லிலேயே அக்கலையின் முதற்பொருள் இன்னதென்பது அடங்கியிருக்கின்றது. ஓவியனுக்கு வண்ணம் எத்தகையதோ, படமெடுப்போனுக்கு ஒளி அத்தகையது. ஒளி நிறைந்தவிடத்துப் படமெடுத்தல் எளிது. அது குறைந்தவிடத்திலேதான் கலையும் விஞ்ஞானமும் ஒன்றற்கொன்று துணையாக வேண்டிய நிலை உண்டாகின்றது. அவ்வாறான இடங்களுள் மீன்தொட்டியும் ஒன்று. கண்ணுக்குச் செதில் செதிலாகத் தெளிந்து தோன்றும் மீன், படத்திற் பார்க்கும்போது சிவந்த புகைபோல மங்கிக் கிடக்கும். அல்லது மீனுக்குப் பதிலாகப் படமெடுத்தவரின் சட்டையே கண்ணாடியில் வெண்மையாகத் தோன்றும். இவ்வாறு நேரும்போது பலர் கமராவைக் குறைகூறி, விலைகூடிய வேறொன்றை நாடுவர். ஆயினும் குறை பெரும்பாலும் கருவியிலன்று. ஒளியின் கணக்கையும் மீனின் ஒழுக்கத்தையும் அறியாமையே அதற்குக் காரணமாகும். அவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

மீன்களைக் கண்ணாடியினூடாகக் கண்டு களிக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன் மனை எனப்பட்ட பொதுக்காட்சிச் சாலை 1853 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாற்பதாண்டுகள் கழித்து, 1893 இல், உலூயி பூட்டான் என்னும் பிரான்சிய உயிரியலறிஞர் பனியூல் என்னுமிடத்துக் கடலினடியிற் கமராவை இறக்கிப் படங்களெடுத்தார். அக்காலத்துத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. ஒரு படத்துக்கு 30 நிமிடம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறையும் பாசியும் அத்துணை நேரம் அசையாதிருக்கும், மீன் இராது.

1926 இல் உலோங்லி, சாள்சு மாட்டின் என்னும் இருவர் அமெரிக்காவின் புளொறிடாவைச் சார்ந்த கடலில் முதன்முதலாக மீனை வண்ணத்திற் படம்பிடித்தனர். அதன்பொருட்டு அவர்கள் நீரின்மேல் மிதவையொன்றில் மக்னீசியத் தூளை வெடித்தெரியச் செய்தனர். ஒரு மீனின் ஒரு கணத்தைப் பெறுதற்கு அத்துணை ஒளி வேண்டியிருந்தது. பின்னர் 1930 களில் மசாச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஹரல்ட் எட்ஜட்டன் மின்னாற் கணநேரம் ஒளிரும் விளக்கைச் செம்மைப்படுத்திப் படக்கலைக்குப் பயன்படச் செய்தார். தகடு, படச்சுருள், இலத்திரனியல் ஒளியுணரி எனக் கருவிகள் மாறிவந்தபோதிலும், மீனைப் படமெடுப்போரை எதிர்நோக்கும் வினா மாறவில்லை. அசையும் உயிரின் உருவத்தை, போதாத ஒளியைக்கொண்டு, கூர்மை குன்றாது பெறுவது எங்ஙனம் என்பதே அவ்வினா.

தொட்டியில் ஒளி ஏன் குறைந்துள்ளது?

நண்பகல் வெயிலில் நிலத்தின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவினது. விளக்கிட்ட வீட்டுத் தொட்டியொன்றில் மீன் நீந்துமிடத்தில் 500 லக்ஸ் ஒளி உண்டெனக் கொள்க. அது வெயிலின் 200 இல் ஒரு பங்கு மாத்திரமே. மனிதக் கண் சூழலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. கண் ஏமாறுமாயினும் கமரா ஏமாறுவதில்லை.

விளக்கை வேண்டியவாறு பெருக்கிவிடலாமே எனின், அதுவும் எல்லா மீனுக்கும் ஏற்றதன்று. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரிய செரி பார்ப் என்னும் சிறு மீனை எடுத்துக்கொள்க. 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல இதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். தித்தயா என வழங்கும் சிங்களப் பெயரே இதன் விஞ்ஞானப் பெயரிலும் இடம்பெற்றது. ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளமே வளரும் இம்மீன், மரநிழல் படர்ந்த, ஆழமற்ற, மெல்லென ஓடும் நீரோடைகளில் வாழ்வது. கடும் ஒளி பட்டால் இது செடிகளினிடையே மறையும், நிறமும் வெளிறும். நிழலிலேதான் ஆண்மீனின் செந்நிறம் முழுமையாகப் பொலியும். எனவே எந்த ஒளியில் மீன் அழகாக இருக்கின்றதோ, அந்த ஒளி படத்துக்குப் போதாது. எந்த ஒளி படத்துக்குப் போதுமோ, அந்த ஒளியில் மீன் அழகாக இராது. தொட்டி மீனைப் படமெடுப்பதிலுள்ள முதன்மையான முரண் இதுவே.

ஒளியின் கணக்கு

கமராவினுள் ஒளியை ஆள்வன மூன்று. முதலாவது, வில்லையின் துவாரம். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது துவார எண். எண் சிறிதாயின் துவாரம் பெரிது. எண் இரட்டித்தால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும். இரண்டாவது, ஒளிபடு நேரம். மூன்றாவது, ஐ. எஸ். ஓ. எண்ணாற் குறிக்கப்படும் உணர்திறன். இம்மூன்றனுள் ஒன்றிற் சிக்கனஞ் செய்தால் மற்றொன்றிற் செலவு கூடும். இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால் கூர்மை எவ்வெவ்வழியாற் கெடுகின்றதென்பது விளங்கும்.

36 மில்லிமீற்றர் அகலமுடைய ஒளியுணரியில், 72 மில்லிமீற்றர் அகலமான காட்சி விழுமாறு அந்தச் சிறு மீனைப் படமெடுப்பதாகக் கொள்க. உருப்பெருக்கம் அரைப்பங்கு. இத்துணை அணுகிப் படமெடுக்கும்போது வில்லை ஒளியுணரியை விட்டு விலகிநிற்பதனால் ஒளி மேலும் 2.25 மடங்கு குறையும். துவார எண் 8 ஆகவும் உணர்திறன் 100 ஆகவும் இருப்பின், வெயிலில் ஏறத்தாழ 1/280 செக்கன் போதும். 500 லக்ஸ் ஒளியிலோ முக்காற் செக்கன் வேண்டும். முக்காற் செக்கனில் மீன் படச்சட்டத்தை விட்டே நீங்கிவிடக்கூடும்.

துவாரத்தை அகலத் திறந்தால் நேரத்தைக் குறைக்கலாம். அவ்வாறு செய்யின் கூர்மை ஆழம் குன்றும். கூர்மை ஆழமாவது, கமராவிலிருந்து எத்துணைத் தூரத்துக்கும் எத்துணைத் தூரத்துக்கும் இடைப்பட்ட பொருள்கள் தெளிவாக விழுமோ அவ்விடைவெளி. ஒளியுணரியில் 0.03 மில்லிமீற்றர் வரையிலான மங்கலைப் பொறுக்கத்தக்கதெனக் கொண்டு கணிப்பின், மேற்கூறிய உருப்பெருக்கத்தில், துவார எண் 4 ஆகுமிடத்து நீரினுட் கூர்மை ஆழம் 2 மில்லிமீற்றரளவே. எண் 8 ஆகுமிடத்து 4 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவு. எண் 16 ஆகுமிடத்து 8 மில்லிமீற்றரை நெருங்கும். ஆயினும் 16 இல் வேறொரு தடை எதிர்ப்படுகின்றது. சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து விரியும் கோணல் என்னும் விளைவினால் ஒவ்வொரு புள்ளியும் 0.03 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வட்டமாகிவிடும். ஆகவே ஆழத்தைப் பெறப்போய்க் கூர்மையை இழக்க நேரிடும். 8 முதல் 11 வரையிலான எண்களே இதற்குத் தக்கன.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கின்றது. மீன் கமராவை நோக்கிச் சாய்ந்து நிற்குமாயின் தலை தெளியும், வால் மங்கும். கண்ணாடிக்குச் சமாந்தரமாகப் பக்கம் காட்டி நிற்குமாயின் 4 மில்லிமீற்றர் ஆழத்தினுள் கண்ணும் செதிலும் வாலும் ஒருங்கே அடங்கும். அத்தகைய கணத்துக்குக் காத்திருத்தல், துவாரத்தை இன்னுமொரு படி குறுக்குவதிலும் மேலான பயனைத் தரும்.

அசைவும் கூர்மையும்

இனி நேரத்தைக் கருதுக. செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வீதம் நீந்தும் மீன், தன்னுடல் நீளத்தைப்போல் இருமடங்கு தூரத்தையே ஒரு செக்கனிற் கடக்கின்றது. பார்ப்பவருக்கு அது மந்தமான நீச்சலாகவே தோன்றும். உணர்திறனை 6400 ஆக உயர்த்தினால், முக்காற் செக்கனாக இருந்த நேரம் 1/90 செக்கனாகக் குறையும். அந்நேரத்தில் அம்மீன் 1.1 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். இம்மீனின் செதிலொன்று ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அளவினதாதலின், பாதிச் செதிலளவு மங்கல் உண்டாகும், செதில்களை எண்ணவியலாது. இதனை முற்றாகத் தடுக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 1/1700 செக்கன் வேண்டும். அஃதாவது, இருக்கும் ஒளியைப்போல் இருபது மடங்கு ஒளி வேண்டும்.

ஆயின் மீன் எப்பொழுதும் ஒரே வேகத்தில் நீந்துவதில்லை. திரும்பும் கணத்திலும், இரையை நோக்கி நிற்கும் கணத்திலும், மற்றொரு மீனை எதிர்கொண்டு செட்டைகளை விரிக்கும் கணத்திலும் அது ஏறத்தாழ நிலைத்து நிற்கும். அப்போது அதன் வேகம் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், 1/170 செக்கனே போதுமானது. வேகம் பத்திலொன்றாகக் குறைய, வேண்டிய ஒளியும் பத்திலொன்றாகக் குறைகின்றது. எஞ்சிய குறையை, விளக்கின் ஒளியை இருமடங்காக்கி நிறைவுசெய்யலாம். 1/90 செக்கன் 1/180 ஆகிவிடும். எனவே மீனின் ஒழுக்கத்தை அறிந்து தக்க கணத்திற் பொத்தானை அழுத்துவோர், பத்து மடங்கு ஒளியைக் காசின்றிப் பெற்றவராவர். எத்துணை விலைகூடிய வில்லையும் இத்துணை ஊதியத்தைத் தரமாட்டாது.

கையின் நடுக்கத்தினால் உண்டாகும் மங்கல் வேறு. மீனின் அசைவினால் உண்டாகும் மங்கல் வேறு. முக்காலியும், கமராவினுள் அமைந்த அதிர்வடக்கும் பொறியும் முன்னதைத் தடுக்கும், பின்னதைத் தடுக்கமாட்டா. படத்திற் செடிகள் தெளிந்து மீன் மட்டும் மங்கியிருப்பின் குற்றம் நேரத்திலுள்ளது. யாவும் ஒருங்கே மங்கியிருப்பின் குற்றம் கையிலுள்ளது. மீனுக்கு முன்னோ பின்னோ உள்ள கல் தெளிந்திருப்பின் குற்றம் குவியத்திலுள்ளது. இவ்வாறு படத்தையே சாட்சியாகக்கொண்டு குறையின் காரணத்தைக் காண்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

உணர்திறனும் புள்ளிமாசும்

உணர்திறனை உயர்த்துவது ஒளியைப் பெருக்குவதன்று. கிடைத்த சிறு ஒளியின் பதிவை மிகைப்படுத்துவதேயாகும். ஒளி, போட்டன்கள் எனப்படும் தனித்தனித் துணிக்கைகளாக வந்து விழுகின்றது. அவை மழைத்துளிகள் போலச் சீரின்றி விழுவதால், ஓரிடத்தில் விழுந்த எண்ணிக்கையில் இயல்பாகவே ஏற்றத்தாழ்வு உண்டு. அவ்வேற்றத்தாழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமமானது. ஆதலின் உணர்திறன் 100 இலிருந்து 6400 ஆகும்போது ஒளி 64 இல் ஒரு பங்காகக் குறைந்தாலும், படத்தின் தூய்மை 8 இல் ஒரு பங்காகவே குறைகின்றது. படத்தில் மணல் தூவியதுபோற் காணப்படும் புள்ளிமாசின் காரணம் இதுவே.

புள்ளிமாசுக்கு அஞ்சி உணர்திறனைத் தாழ்த்தி, நேரத்தை நீட்டுவது தொடக்கநிலையாளர் பலர் செய்யும் தவறு. புள்ளிமாசைப் பின்னர்க் கணினியில் ஓரளவு நீக்கலாம். அசைவினால் அழிந்த செதிலின் விளிம்பை மீட்கும் வழியோ இல்லை. மாசுள்ள கூரிய படம், மாசற்ற மங்கிய படத்தினும் மேலானது.

கைபேசியிற் படமெடுப்போருக்கும் இவ்விதி பொருந்தும். கைபேசியின் ஒளியுணரி சிறியதாதலின் கூர்மை ஆழம் தாராளமாகக் கிடைக்கும். ஆயின் திரட்டப்படும் ஒளி குறைவு. அக்குறையை நிறைக்க அது பல படங்களை விரைந்தெடுத்து ஒன்றாக்குகின்றது. நில்லாப் பொருளில் அவ்விணைப்புப் பிசகி, மீனின் உடல் மெழுகுபோல் வழுவழுத்துக் காணப்படுவதுண்டு. இரவுப் படமுறையை நிறுத்தி, விளக்கொளியைக் கூட்டி, மீன் நிலைத்து நிற்கும் கணத்தை நாடுவதே அதற்குப் பரிகாரம்.

கண்ணாடியும் நீரும்

கமராவுக்கும் மீனுக்குமிடையே வளி, கண்ணாடி, நீர் என மூன்று ஊடகங்கள் உள்ளன. நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.33. ஆதலின் கண்ணாடிக்கு 20 சென்ரிமீற்றர் அப்பால் நிற்கும் மீன், 15 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும். கமரா குவிவது இத்தோற்ற விம்பத்தின்மீதே என்பதால், நேராக நோக்குமிடத்து இதனால் தீங்கில்லை. சாய்ந்து நோக்கும்போதே தீங்கு விளைகின்றது. நீல ஒளி சிவப்பொளியினும் மிகுதியாக முறிவதால், நிறப்பிரிகை உண்டாகி மீனின் விளிம்பில் வண்ணக்கோடு தோன்றும். அன்றியும் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் ஒரு புள்ளியிற் குவியாமல் நீண்டுவிடும். வில்லையின் அச்சு கண்ணாடிக்குச் செவ்வனாக இருத்தல் வேண்டுமென்பது இதனாலேயே. மீனைத் தொடர்வதற்குக் கமராவைத் திருப்பலாகாது. கண்ணாடிக்குச் சமாந்தரமாக நகர்த்துதலே முறை. வளைந்த கண்ணாடிக் குடுவையில் நல்ல படம் அமையாமைக்கும் இதுவே காரணம்.

அடுத்தது தெறிப்பு. கண்ணாடியின் வெளிமுகம் தன்மேல் செவ்வனாக விழும் ஒளியில் 4 வீதத்தைத் திருப்பி அனுப்பும். நீரைத் தொடும் உள்முகத்தில் தெறிப்பு ஒரு வீதத்திலும் குறைவு. 4 வீதம் அற்பமெனத் தோன்றலாம். ஆயின் அறையும் தொட்டியும் ஒத்த ஒளியுடையனவாக இருக்கும்போது, வெண்சட்டையிலிருந்து தெறித்துவரும் அச்சிறு பங்கே தொட்டியின் இருண்ட பின்புலத்தின் ஒளிக்கு நிகராகிவிடும். இதற்குப் பரிகாரம் எளிது. அறையின் விளக்குகளை அணைத்துச் சாளரத்தை மூடுக. கறுப்புத் துணியொன்றில் வில்லை நுழையுமளவு துளையிட்டுக் கமராவின் முன்னே தொங்கவிடுக. இறப்பரால் ஆன வில்லைக் கவசமிருப்பின், அதனைக் கண்ணாடியின்மேல் மெல்லப் பொருத்தினால் தெறிப்பு முற்றாக நீங்குவதோடு, கையின் நடுக்கமும் அடங்கும்.

கண்ணாடியின் உட்புறப் பாசியையும் வெளிப்புற விரலடையாளத்தையும் முன்னரே துடைத்தல் வேண்டும். நீரிற் கலங்கிய துகள்கள் தாமும் ஒளியைச் சிதறடிக்குமாதலின், துடைத்தவுடன் படமெடாது, வடிகட்டி அத்துகள்களை நீக்கும்வரை சில மணிநேரம் பொறுத்தல் நன்று.

ஒளியை அமைக்கும் முறை

ஒளியைப் பெருக்கும் வழிகளுள் முதலாவது, விளக்கை அணுகச் செய்தல். புள்ளிபோன்ற விளக்கொன்றின் தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். தொட்டி முழுவதையும் ஒளிமயமாக்க வேண்டுவதில்லை. மீன் அடிக்கடி வந்து நிற்கும் ஓரிடத்தைத் தெரிந்து, அவ்விடத்துக்கு நேர்மேலே விளக்கைத் தாழ்த்தினால் போதும். ஏனைய பகுதி நிழலாகவே இருக்கலாம். மீன் அஞ்சினால் ஒதுங்குதற்கு அந்நிழல் இடந்தரும்.

எல். ஈ. டி. விளக்குகளுட் சில, மின்னோட்டத்தின் அலைவுக்கேற்ப ஒளிர்ந்து மங்குவன. இலங்கையின் மின்வழங்கல் செக்கனுக்கு 50 சுற்றுகளைக் கொண்டதாதலின், அவ்விளக்கின் ஒளி செக்கனுக்கு 100 தரம் ஏறியிறங்கும். மிகக் குறுகிய நேரத்திற் படமெடுக்கும்போது ஒரு படம் ஒளியாகவும் மற்றொன்று இருளாகவும், சிலவேளை படத்தின் குறுக்கே பட்டைகளாகவும் விழுவது இதனாலேயே. 1/100 செக்கன் என்னும் நேரத்தைக் கொள்ளுதல், அல்லது ஏற்றிறக்கமற்ற விளக்கைப் பயன்படுத்துதல் இக்குறையை நீக்கும்.

இரண்டாவது வழி பிளாஷ் எனப்படும் மின்னல் விளக்கு. சாதாரணமான சிறு மின்னல் விளக்கொன்று முழு வலுவில் ஏறத்தாழ 1/1000 செக்கனும், வலுவைக் குறைத்தால் 1/10000 செக்கனிலும் குறைவாகவும் ஒளிரும். இருண்ட அறையிற் படத்தை வரைவது அவ்வொளி ஒன்றேயாதலின், அச்சிறு நேரமே உண்மையான ஒளிபடு நேரமாகிவிடுகின்றது. விரைந்து நீந்தும் மீனும் அதற்குள் உறைந்து நிற்கும். துவார எண்ணை 11 ஆக வைத்து, உணர்திறனையும் தாழ்த்தலாம்.

ஆயின் கமராவின் மேலேயே பொருத்திய மின்னல் விளக்கு மூவகைக் கேட்டைத் தரும். கண்ணாடியிற்பட்டு நேரே வில்லைக்குத் திரும்பும். நீரின் துகள்களை வெண்புள்ளிகளாகக் காட்டும். மீனின் செதில்களிலிருந்தும் கண்கூச எதிரொளிரும். மீனின் வெள்ளி நிறம் சாயத்தினால் ஆனதன்று. குவானின் என்னும் பொருளின் மெல்லிய பளிங்குத் தகடுகள் தோலில் அடுக்கடுக்காக அமைந்து, நுண்ணிய கண்ணாடிகளாகத் தொழிற்படுகின்றன. கண்ணாடியின் முன்னே சிறு விளக்கைப் பிடித்தால் விளக்கே தெரியும்; அகன்ற வெண்டிரையைப் பிடித்தால் கண்ணாடி முழுவதும் சீராக ஒளிரும். அதுபோல, மின்னல் விளக்கைக் கமராவிலிருந்து பிரித்து, தொட்டியின் மேற்புறத்தில் வெண்ணிறத் தாளினூடாக ஒளி பரந்து விழுமாறு வைத்தல் வேண்டும். ஓடையில் ஞாயிற்றின் ஒளி மேலிருந்தே வருவதால், இவ்வமைப்பு மீனுக்கு இயற்கையான தோற்றத்தையும் கொடுக்கும். தொட்டியின் அடியில் வெளிறிய மணலிருப்பின் அது ஒளியை மேனோக்கிச் சிதறச் செய்து வயிற்றின் நிழலைத் தணிக்கும். மின்னும் விளக்கு நீரில் விழாதவாறு உறுதியாகக் கட்டப்படல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

மீனின் நலம்

மீனுக்குக் கண்ணிமையில்லை. பெரும்பாலான என்பு மீன்களின் கண்மணித் துவாரமும் மனிதருடையதுபோல விரைந்து சுருங்குவதில்லை. விழித்திரையின் கலங்களும் நிறமணிகளும் இடம்பெயர்ந்தே அவை ஒளிக்கு இசைகின்றன; அதற்குப் பல நிமிடங்கள் செல்லும. ஆகவே இருளிலிருந்த மீனின்மேல் திடீரென மின்னொளி பாய்ச்சுவது அதனை வெருட்டுவதாகும். வெருண்ட மீன் கண்ணாடியில் மோதிக் காயமடையும். மூடியில்லாத் தொட்டியிலிருந்து துள்ளி வீழ்தலுமுண்டு. தொட்டியின் விளக்கை அரைமணி நேரத்துக்கு முன்னரே ஏற்றி வைத்து, மீன் இசைந்தபின்னரே படமெடுத்தல் வேண்டும். கண்ணாடியைத் தட்டி மீனை அழைப்பது தகாது.

மீன்களைப் பல நாள்கள் பார்த்திருந்தோருக்கு அவை வரும் வழியும் நிற்குமிடமும் தெரிந்திருக்கும். அவ்விடத்துக்கு முன்னே முக்காலியை நிறுத்தி, அங்குள்ள இலையொன்றின்மீது குவியத்தைக் கையால் அமைத்துக்கொள்க. மங்கிய ஒளியில் கமராவின் தன்னியக்கக் குவியம் முன்னும் பின்னும் தேடித் தடுமாறுமாதலின், இம்முறையே நம்பத்தக்கது. மீன் அத்தளத்தினுள் வந்து பக்கங்காட்டி நிற்கும்போது, கண்ணைக் குறியாகக்கொண்டு மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்தெடுக்கலாம். கண் தெளிந்திருப்பின் காண்போர் மனம் ஏனைய சிறு குறைகளைப் பொறுக்கும். முதற் சில நிமிடங்களில் மீன்கள் புதிய கருவியைக் கண்டு ஒதுங்கும். காத்திருப்போரிடம் அவை தாமே மீளும்.

படத்தின் பயன்

இத்துணை முயற்சியும் அழகிய படமொன்றைச் சுவரில் மாட்டுதற்கு மாத்திரந்தானா எனின், அன்று. மீனினங்களை வேறுபடுத்தி அறிதற்குச் செதில்களின் எண்ணிக்கை, பக்கக்கோட்டின் நீளம், செட்டைக் கதிர்களின் தொகை, உடற்பட்டைகளின் நிலை, வாயோரத்து மீசையிழைகளின் இருப்பு முதலியன அடையாளங்களாகும். மங்கிய படம் நிறத்தை மட்டுமே காட்டும். நிறமோ ஒளிக்கும் அச்சத்துக்கும் பருவத்துக்குமேற்ப மாறுவது. கூரிய படம் எண்ணத்தக்க சான்றுகளைத் தரும்.

இச்சான்று எத்துணை அரியதென்பதற்குக் கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடையை அடுத்த ஓடையில் வாழும் பந்துல பார்ப் என்னும் மீன் தக்க உதாரணம். 1991 இல் கொற்றெலா, பெத்தியாகொட என்னும் அறிஞர்களால் விவரிக்கப்பட்ட இவ்வினம், உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதாக அறியப்படாது, அச்சிற்றோடை ஒன்றிலேயே காணப்பட்டது. அழியுந் தறுவாயிலுள்ள இனங்களின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய மீன்களுள் ஒன்றைக் கொன்று போமலினில் இடுவது புதிய இனமொன்றை நிறுவும்போது இன்றியமையாததாகலாம். ஒவ்வொரு முறை இனங்காண்பதற்கும் அவ்வாறு செய்வது அவ்வினத்துக்கே ஊறாகும். களத்தில் ஆராய்வோர் ஒடுங்கிய சிறு கண்ணாடித் தொட்டியொன்றில் மீனை விட்டு, பின்னால் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகி, அது முன்கண்ணாடிக்குச் சமாந்தரமாகவே நிற்குமாறு செய்து, விரைவிற் படமெடுத்து, மீண்டும் ஓடையிலேயே விடுகின்றனர். மேலே கூறிய கூர்மை ஆழத்தின் கணக்கும், செவ்வன் நோக்கும், மேலொளியும் அச்சிறு தொட்டியினுள் ஒருங்கே பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்று தவறினும் படம் பயனற்றதாகும். மீன் வீணே துன்புற்றதாகும்.

பாடசாலையின் விலங்கியற் கூடத்திலுள்ள ஒரு தொட்டியும், மாணவரொருவரின் கையிலுள்ள எளிய கமராவும் இப்பயிற்சிக்குப் போதியன. முறிவும் தெறிப்பும் கோணலும் பௌதிகப் பாடநூலிற் சூத்திரங்களாக நிற்பவை. மீன்தொட்டியின் முன்னே அவை படத்தின் தெளிவாகவும் மங்கலாகவும் உடனே கண்ணுக்குத் தெரிகின்றன. விலங்கியலிற் படித்த மீனின் ஒழுக்கமோ, பத்து மடங்கு ஒளிக்கு ஈடான பயனைத் தருகின்றது. ஒளி குறைந்தவிடத்து அறிவும் பொறுமையும் அதன் குறையை நிறைக்கும். அவ்வாறு பெற்ற கூரிய படமொன்று, ஓடைக்குத் திரும்பிச்சென்ற சிறு மீனொன்றின் உயிருக்கு விலையாக அமையுமாயின், அக்கலையின் பயன் முழுமையடைந்ததாகும்.